கைத்துப்பாக்கியும் பொருந்தா எண்களும்

பழம்பொருள்களைத் திரட்டிப் பேணும் வேட்கை மக்களிடத்து இயல்பாகவே அமைந்து கிடப்பதொன்றாம். நாணயங்களைத் தேடுவோர் உளர். அஞ்சல்தலைகளை ஒட்டி வைப்போர் உளர். ஏட்டுச்சுவடிகளின் பொருட்டு ஊர் ஊராய் அலைந்தோரை நம் நாட்டினர் நன்கு அறிவர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு கூட்டத்தார் இருக்கின்றனர். இரண்டு உலகப்போர்களிலும் படைவீரர் ஏந்திய கைத்துப்பாக்கிகளைத் தேடித் திரட்டுவோரே அவர். கொலைக்கருவியைப் பேணுவதால் யாது பயன் என்று வினவுவோர்க்கு இக்கட்டுரையின் இறுதியில் ஓரளவு விடை கிடைக்கும். ஈண்டு நாம் ஆராயப் புகுவது அவர்களை ஓயாது மயக்கும் ஒரு புதிரையே.

அப்புதிர் யாதெனின்: ஒரு கைத்துப்பாக்கி பல உறுப்புகளால் ஆகியது. அவ்வுறுப்புகளுட் பலவற்றில் எண்ணோ முத்திரையோ பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணுடைய உறுப்புகள் அனைத்தும் ஒரே துப்பாக்கிக்கு உரியனவாகக் காணப்படின், அஃது ஆலையினின்று வெளிப்பட்ட நாளில் இருந்தவாறே இன்றும் உள்ளது என்று கொள்வர், விலையும் உயரும். ஓர் உறுப்பில் வேறெண் காணப்படின் முகஞ்சுளிப்பர், விலையும் வீழும். ஆயின் உண்மை அத்துணை எளிதில் அகப்படுவதன்று. எண் பொருந்தாத உறுப்பு சிலபோது தொடக்கமுதலே அத்துப்பாக்கியில் இருந்ததாகலாம். எண் பொருந்திய உறுப்பு சிலபோது அண்மையில் வந்து புகுந்ததாகலாம். ஆகவே, எண்கள் ஒத்துள்ளனவா என்பது முதல் வினாவேயன்றி முடிந்த வினா அன்று. இவ்வுறுப்புகள் எப்பொழுது, எவர் கையால், எக்காரணம்பற்றி ஒன்று சேர்ந்தன என்பதே அறிஞர் எழுப்பும் வினா. இதனை மூன்று துப்பாக்கிகளைக்கொண்டு விளக்குவாம்.

முதலாவது, ஜெர்மானியரின் லூகர். ஹியூகோ போர்ஷார்ட் என்பார் 1893-ஆம் ஆண்டில் அமைத்ததொரு துப்பாக்கியைக் கியார்க் லூகர் என்பார் திருத்திச் சிறிதாக்கினார். 1900-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தும், 1904-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கடற்படையும், 1908-ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தரைப்படையும் அதனை ஏற்றுக்கொண்டன. சுடும்போது அதன் மேற்பூட்டு முழங்கால்போல் மடங்கி எழுந்து மீண்டும் நிமிரும். இப்பூட்டு நுட்பமானது; உறுப்புகள் ஒன்றோடொன்று செவ்வையாக இழைந்தாலன்றி ஒழுங்காக இயங்காது. ஆதலால் ஆலையிலுள்ள தொழிலாளர் ஒவ்வொரு துப்பாக்கியின் உறுப்புகளையும் கையால் அராவிப் பொருத்தினர். பொருத்தியவை பின்னர்க் கலந்துவிடாதிருத்தற்பொருட்டு அவற்றில் எண் பொறித்தனர்.

அவ்வெண்முறை அறியத்தக்கது. அடிச்சட்டம், குழல், குழலைத் தாங்கும் பகுதி ஆகிய பேருறுப்புகளில் வரிசை எண் முழுவதும் பொறிக்கப்படும். விசை, பூட்டின் கணுக்கள், பக்கத்தகடு, காப்புநெம்பு முதலிய சிற்றுறுப்புகள் பதினைந்துக்கும் மேற்பட்டவற்றில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் காணப்படும். வரிசை எண் 4763 என்றால் சிற்றுறுப்புகளில் 63 என்றிருக்கும். எண் பதினாயிரத்தை எட்டியவுடன் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, எண்ணின் பின்னே ஓர் எழுத்தைச் சேர்ப்பர். அடுத்த பதினாயிரத்திற்கு அடுத்த எழுத்து வரும். ஆண்டு மாறியதும் எழுத்தின்றியே தொடங்குவர். எனவே ஆண்டும் எழுத்தும் நோக்காமல் எண்ணை மட்டும் நோக்குவோன் ஏமாறுவான். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசீனிலும் அத்துப்பாக்கியின் எண்ணே இடப்பெற்றது. வீரனுக்கு மேகசீன் இரண்டு அளிக்கப்பட்டமையின், இரண்டாவதனைப் பிரித்தறியச் சிலுவைபோன்ற கூட்டற்குறி ஒன்றை அதில் இட்டனர்.

இத்துணைக் கட்டுப்பாட்டுடன் பிறந்த துப்பாக்கியில் வேற்றெண் புகுந்தவாறு எங்ஙனம்? வழிகள் பல. பாசறையில் வீரர் பலர் ஒரே மேசையின்மீது தத்தம் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைக்கும்பொழுது உறுப்புகள் இடமாறுதல் கூடும். சிறு வில்லோ கொக்கியோ முறிந்தால் படைக்கலக் கம்மியர் வேறொன்றை இட்டுச் செப்பனிடுவர். முதல் உலகப்போர் 1918-ஆம் ஆண்டில் முடிந்தபின் மற்றொரு வழி திறந்தது. 1919-ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மானியத் தரைப்படையை ஓரிலட்சம் பேர் என்னும் அளவுக்குள் அடக்கியது. சிறுத்துப்போன அப்படைக்குப் பழைய துப்பாக்கிகளையே செப்பனிட்டு வழங்கினர். 1917 போன்ற பழைய ஆண்டுக்குறியோடு 1920 என்னும் குறியையும் அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமாகப் பொறித்தனர். செப்பனிடுங்கால் வேற்றுத் துப்பாக்கியின் உறுப்பை இட்டு, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை அதன் அருகே பொறிப்பதும் உண்டு. அத்தகைய துப்பாக்கியில் எண்கள் பொருந்தியிருக்கும்; ஆயின் அப்பொருத்தம் பிறப்பினால் வந்ததன்று, பழுது நீக்கியதனால் வந்தது. அது பொய்யும் அன்று. படையின் கம்மியர் தம் கடமையைச் செய்ததற்குச் சான்று.

1945-ஆம் ஆண்டில் ஜெர்மனி வீழ்ந்தபோது அதன் படைக்கலங்கள் மலைபோல் ருஷ்யர் கையிற் சிக்கின. அவற்றை அவர்கள் கிடங்குகளிற் குவித்துப் பிரித்து, கழுவி, புதிதாக மேற்பூச்சிட்டு, வரும் நாளுக்கென்று அடுக்கி வைத்தனர். மீண்டும் பூட்டும்போது எந்த உறுப்பு எந்தத் துப்பாக்கியினது என்று அவர்கள் கவலைப்படவில்லை. பொருந்தி இயங்கினால் அதுவே போதியதாயிற்று. சிலவற்றில் பெருக்கற்குறி போன்ற முத்திரை ஒன்று காணப்படும். அதனைக் கண்டதும் சேகரிப்போர் அதன் வரலாற்றை உணர்ந்துகொள்வர். இங்ஙனம் ஒரே லூகரில் நான்கைந்து துப்பாக்கிகளின் எச்சங்கள் ஒன்றுகூடியிருத்தலும் உண்டு.

இனி, இரண்டாவதாகிய அமெரிக்கத் துப்பாக்கியை நோக்குவாம். ஜான் பிரௌனிங் என்னும் பெருந்தச்சர் வகுத்த இதனை அமெரிக்கப் படையினர் 1911-ஆம் ஆண்டில் ஏற்றனர். 1920-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் சிறு திருத்தங்கள் செய்யப்பெற்ற இது, 1985-ஆம் ஆண்டில் வேறொன்று அதன் இடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படும்வரை அப்படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக நின்றது. இதன் கொள்கை லூகரின் கொள்கைக்கு நேர்மாறானது. எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் அராவாமலே பொருந்துதல் வேண்டும் என்பது அரசாங்கத்தாரின் கட்டளை. அதற்கெனச் சில துப்பாக்கிகளைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டிச் சுட்டுப்பார்த்தனர். ஆதலின் வரிசை எண் பெரும்பாலும் அடிச்சட்டத்தில் மட்டுமே உண்டு. எண்ணே இல்லாத உறுப்புகளில் எண் பொருந்தவில்லை என்று யார் சொல்லவல்லார்?

ஆயினும் புதிர் வேறு வடிவிற் புகுகின்றது. இரண்டாம் உலகப்போரில் கோல்ட் என்னும் பழைய துப்பாக்கிக் கம்பெனியார் மட்டும் இதனைச் செய்து முடிக்க இயலவில்லை. வேட்டைத்துப்பாக்கி செய்த இதாக்கா கம்பெனியாரும், தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டு கம்பெனியாரும், இருப்புப்பாதைக் கைகாட்டிகள் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்டு சிக்னல் கம்பெனியாரும் இத்தொழிலில் இறங்கினர். தையற்பொறியால் நம் வீடுகளிலும் பெயர்பெற்ற சிங்கர் கம்பெனியார், போருக்குச் சற்றுமுன் பயிற்சிக்கென்று இடப்பட்ட ஆணையின்படி ஐந்நூறு மட்டுமே செய்தனர். ரெமிங்டன் ராண்டு செய்தவையோ எட்டரை இலட்சத்துக்கு மேற்பட்டன. இவர்கள் ஒவ்வோர் உறுப்பையும் தம் ஆலையிலேயே செய்தாரல்லர். குழல்களை ஹை ஸ்டாண்டர்ட், ஃபிளானரி முதலிய பிற கம்பெனியாரிடமிருந்து வாங்கிப் பொருத்தினர். ஆகவே, ரெமிங்டன் ராண்டின் பெயர் பொறித்த துப்பாக்கியில் ஹை ஸ்டாண்டர்டின் குறியுள்ள குழல் இருப்பின் அது கலப்பன்று, பிறப்பிலேயே அமைந்தது. புதிதாக இத்துறையிற் புகுந்தவன் அதனை மாற்றப்பட்டதென்று மயங்கி, குழலைக் கழற்றி எறிந்து வேறொன்றை இடுவானாயின், திருத்துவதாக எண்ணிக் கெடுத்தவனாவான்.

உண்மையான கலப்பும் இத்துப்பாக்கியில் மிகுதி. போர் முடிந்தபின் அரசாங்கப் படைக்கலச்சாலைகள் பல்லாயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் புதுப்பித்தன. 1918-ஆம் ஆண்டின் அடிச்சட்டத்தின்மேல் 1944-ஆம் ஆண்டின் ஸ்லைடு, அஃதாவது சுடுங்கால் பின்சென்று மீளும் மேற்பாகம், ஏறியமர்ந்தது இவ்வாறே. இச்சாலைகளுட் பல, தம் பெயரின் முதலெழுத்துக்களைச் சட்டத்தில் முத்திரையிட்டன. முத்திரை இருப்பின் செய்தவர் இன்னார் என்பது தெளிவாம். முத்திரை இல்லையேல், ஆலையிற் கலந்ததா, படைச்சாலையிற் கலந்ததா, விற்பவன் வீட்டிற் கலந்ததா என்று ஆராய்தல் வேண்டும். அதற்கு ஒருவருடைய கண் போதாது. தொடக்கநிலை மாறாமல் வழிவழியாகப் பேணப்பட்டவை என்று நம்பத்தக்க துப்பாக்கிகள் பலவற்றைப் பலரும் ஒப்புநோக்கி, எந்த எண்ணளவில் எந்தக் கம்பெனியின் குழல் வந்தது, எந்த மேற்பூச்சு இருந்தது என்று அட்டவணை வகுத்துள்ளனர். தனிப் பொருளை மதிப்பிடும் தராசு அத்தொகுதியே.

மூன்றாவது துப்பாக்கி வால்தர் பி 38. லூகரைச் செய்தற்குக் காலமும் பொருளும் மிக வேண்டியிருந்தமையால் ஜெர்மானியர் 1938-ஆம் ஆண்டில் இதனைத் தெரிந்தெடுத்தனர். இதன் அடிச்சட்டம், ஸ்லைடு, குழல் மூன்றிலும் வரிசை எண் பொறித்தனர். செய்தவர் பெயரை மறைத்துக் குறியெழுத்துக்களை இட்டனர்: வால்தருக்கு ஏ, சி, மவுசருக்கு பி, ஒய், எஃப், ஸ்ப்ரீவெர்க்குக்கு சி, ஒய், கியூ. அவ்வவ் ஆலையில் அமர்ந்த படைத்துறை ஆய்வாளரின் கழுகு முத்திரையும் எண்ணோடு விளங்கும்: வால்தரில் 359, மவுசரில் 135, ஸ்ப்ரீவெர்க்கில் 88. ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த பெல்ஜியத்தில் எஃப் என் என்னும் புகழ்பெற்ற ஆலை ஸ்லைடுகளையும் சட்டங்களையும் செய்து இவ்வாலைகளுக்கு அனுப்பியது. அங்குள்ள ஆய்வாளரின் முத்திரை 140. ஆகவே வால்தரின் துப்பாக்கி ஒன்றில் 359-உம் 140-உம் ஒருங்கே காணப்படின், அது திருட்டுக் கலப்பன்று. ஒரு நாட்டின் ஆலை மற்றொரு நாட்டின் போருக்காக வருந்தி உழைத்ததன் அடையாளம்.

1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி நொறுங்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்கப் படை வால்தர் ஆலை இருந்த செல்லா மேலிஸ் நகரை அடைந்தது. அவ்வாண்டின் குறியுள்ள வால்தர் துப்பாக்கிகளுட் சிலவற்றில் சட்டத்தின் எண்ணும் ஸ்லைடின் எண்ணும் ஒவ்வா. ஆலையாட்கள் அவசரத்தில் கிடைத்ததைக் கிடைத்ததோடு பூட்டினர் என்பது ஒரு கூற்று. மேசைகளின்மேற் கிடந்த உறுப்புகளை எடுத்து வெற்றிபெற்ற வீரர் தாமே நினைவுப்பொருளாகப் பூட்டிக்கொண்டனர் என்பது மற்றொரு கூற்று. இரண்டிற்கும் இடமுண்டு. மவுசரின் ஆலை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அவர்கள் எஞ்சிய உறுப்புகளைக்கொண்டு 1945, 1946-ஆம் ஆண்டுகளில் தம் படைக்கென்று துப்பாக்கிகளைச் செய்துகொண்டனர். ஜெர்மானியரின் எஸ், வி, டபிள்யூ என்னும் குறியோடு பிரெஞ்சுக்காரரின் விண்மீன் முத்திரையும் ஒரே இரும்பில் நிற்பது இதனாலேயே. பகைவர் இருவரின் கைவேலையும் ஒன்றாகக் கலந்த இத்துப்பாக்கியில், அக்கலப்பே அதன் பிறப்பு.

இனி, ஆராய்வோர் எதனை எதனை நோக்குவர் என்பதைச் சிறிது கூறுவாம். முதலில் எண்களின் வடிவம்: ஒரே ஆலையின் அச்சுக்கோல்களால் அடித்த 4-உம் 7-உம் ஒரே சாயலில் அமையும். அடுத்து நிறம்: மவுசர் ஆலையார் விசை முதலிய சிற்றுறுப்புகளை 1937-ஆம் ஆண்டு வரை வைக்கோல் நிறமாகக் காய்ச்சினர், பின்னர் அவற்றையும் நீலமாக்கினர். 1941-ஆம் ஆண்டின் லூகரில் வைக்கோல் நிறமுள்ள விசை இருப்பின், எண் பொருந்தினும் ஐயுறல் வேண்டும். மூன்றாவது முத்திரையின் ஓரம்: லூகர் பலவற்றில் சோதனை முத்திரை நீலமேற்றியபின் அடிக்கப்பட்டமையால் அதனைச் சுற்றி மெல்லிய வெண்வளையம் தோன்றும். வளையம் மறைந்திருப்பின் பின்னாளில் மீண்டும் நீலமேற்றினர் என்று கருதுவர். நான்காவது தேய்வு: நெடுநாள் உடனுறைந்த உறுப்புகள் ஒன்றையொன்று உராய்ந்த சுவடு இருபுறமும் ஒத்திருக்கும், புதிதாய் வந்ததில் அச்சுவடு இராது.

இங்கே ஒரு கணக்கையும் நினைவிற் கொள்ளவேண்டும். சிற்றுறுப்பில் உள்ளவை இரண்டு இலக்கங்களே. எனவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு விசையும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தானாகவே பொருந்தும். தனி விசைகள் ஐந்நூறு வைத்திருக்கும் வணிகன் தனக்கு வேண்டிய எண்ணுள்ளதை ஏறக்குறைய உறுதியாகக் கண்டெடுப்பான். அவன் எதனையும் பொய்யாகப் பொறிக்கவில்லை. ஆயினும் அப்பொருத்தம் உண்மையன்று. எண் மட்டுமே சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு வேண்டா.

இதனினும் கொடிது ஒன்று உண்டு. பொருந்தாத எண்ணை அராவி அழித்து, பொருந்தும் எண்ணைப் புதிதாக அடித்து, பழமைபோல் நிறமேற்றி விற்போர் உளர். வாங்குவோன் பொருளை இழக்கின்றான். அது சிறு இழப்பு. பெரிய இழப்பு யாதெனில், அழிந்த எண் திரும்பி வராது என்பதே. அத்துப்பாக்கி பெர்லினிற் செப்பனிடப்பட்டதோ, ருஷ்யக் கிடங்கிற் கிடந்ததோ, களத்தில் இறந்த ஒருவனுடைய உறுப்பை ஏற்றதோ என்று சொல்லுதற்கு இருந்த ஒரே சாட்சியை அந்த அரம் தின்றுவிடுகின்றது. தமிழ் பயில்வோர்க்கு இஃது அறியாத செய்தியன்று. ஏட்டில் விளங்காத பாடத்தைக் கண்டவிடத்துத் தம் மனம்போனவாறு திருத்தி எழுதிய படியாளர், பிற்காலத்தார்க்கு மூலத்தை அணுகும் வழியையே அடைத்தனர். புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் படிகளை ஒப்புநோக்கும் அறிஞரும் இழுக்கின்றி ஓடும் பாடத்தைவிட இடறும் பாடமே பெரும்பாலும் முந்தியது என்று கொள்வர். இடறும் இடத்தில் நின்று, இஃது இங்ஙனம் இருப்பதன் காரணம் யாது என்று கேட்பவனே மூலத்தை நெருங்குகின்றான். துப்பாக்கியிலும் வேற்றெண் அத்தகைய இடறுமிடமே.

கொலைக்கருவியைப் பேணுவதால் யாது பயன் என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். படைக்கலங்கள் உழவுக்கருவிகளாக மாறும் நாளைத் தீர்க்கதரிசிகள் முன்னுணர்ந்து உரைத்தனர். அந்நாள் இன்னும் வந்திலது. அதுகாறும், கழிந்த போர்கள் எங்ஙனம் நடந்தன என்பதற்கு நூல்கள் மட்டுமன்றி இரும்பும் சான்று கூறுகின்றது. தையற்பொறி செய்த கைகள் துப்பாக்கி செய்தமையும், அடிமைப்பட்ட நாட்டின் ஆலை பகைவனுக்கு உழைத்தமையும், தோற்றவன் விட்ட குறையை வென்றவன் முடித்தமையும் அவ்விரும்பில் எழுதப்பட்டுள்ளன. அவற்றைப் படைக்கல ஆசையினால் அன்றி உண்மையாசையினால் நோக்குவோன் போரைப் புகழமாட்டான். அது மக்களின் உழைப்பையும் உயிரையும் எங்ஙனம் பிரித்துக் கலந்து எறிந்தது என்பதையே காண்பான்.

ஆதலின், எண் பொருந்தாத துப்பாக்கி ஒன்றைக் காண்போர் அதனைக் குறைப்பட்டதென்று தள்ளாது, அது தன் வரலாற்றை மறையாது உரைக்கின்றது என்று மதித்தல் தகும். பொருந்தாமை குற்றமன்று, பொருந்தாததனைப் பொருந்தியதாகக் காட்டுதலே குற்றம்.